கிராங்க் ஆயில் சீல்: ரப்பரா டெஃப்லானா, தள்ளி அடிப்பதா ஸ்லீவ் போடுவதா?

இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வெளியே வரும் இரண்டு முனைகளிலும் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்தான் கிராங்க்ஷாஃப்ட் சீல். அது ஒழுகுகிறது என்று முடிவானதும் பலரும் கேட்பது, எந்தக் கம்பெனி சீல் நல்லது என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். அந்தச் சீல் இருக்கும் இடத்துக்கு இன்னொரு முறை போக எவ்வளவு வேலை பிடிக்கும்? சீலின் லிப் (ஷாஃப்ட்டைத் தொட்டு நிற்கும் மெல்லிய உள் ஓரம்) உரசுகிற இடத்தில் ஷாஃப்ட்டின் மேல்பரப்பு எந்த நிலையில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்ற தேர்வுகளில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

முன்பக்கச் சீலையும் பின்பக்கச் சீலையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. முன்பக்கத்துக்கு பெல்ட், புல்லி, டைமிங் கவர் கழற்றினால் போதும். பின்பக்கத்துக்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், கிளட்ச் கழற வேண்டும், ஃப்ளைவீல் வெளியே வர வேண்டும். சீலின் விலை அந்த வேலைக்கூலியில் ஒரு சின்னப் பகுதிகூட இல்லை. அதனால் முன்பக்கத்தில் ஓரளவு துணிந்து முயன்று பார்க்கலாம். பின்பக்கத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அதிகப் பாதுகாப்பான வழியைத்தான் எடுக்க வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு தேர்வும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில், ஒழுகுவது சீல்தானா? வால்வ் கவர் கேஸ்கெட், கேம் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், சம்ப் கேஸ்கெட் எதில் கசிந்தாலும் ஆயில் இன்ஜின் வழியே கீழே இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் அடித்துக்கொண்டு போய், பெல்ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு) அடியில்தான் சொட்டும். பார்ப்பவர் பின்பக்கச் சீல் என்று சொல்லிவிடுவார். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். விரலில் தொட்டு மோந்து பார்த்தால் கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், இன்ஜின் ஆயிலில் அது வராது. இன்ஜினை நன்றாகக் கழுவி, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் மேலிருந்து கீழாகப் பார்ப்பது கியர்பாக்ஸை இறக்குவதைவிட எவ்வளவோ சுலபம்.

கிராங்க்கேஸில், அதாவது கிராங்க் சுழலும் அறையில், சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் விடக்கூடாது. அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறும். நல்ல சீலையும் அந்த அழுத்தம் தள்ளி ஒழுக வைத்துவிடும். அதைச் சரிசெய்யாமல் புதுச் சீல் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகும், பழி சீல் மேல் விழும்.

ஆடிட்டிவ் ஊற்றுவதா, சீலை மாற்றுவதா

கசிவு நிறுத்தும் ஆடிட்டிவ்களை ஒரேயடியாக ஏமாற்று என்று ஒதுக்குவது நியாயமில்லை. வெப்பத்தில் இறுகிப்போன ரப்பரை அவை கொஞ்சம் ஊற வைத்து மெத்தென்று ஆக்குகின்றன. வயதான இன்ஜினில் மெல்லக் கசிகிற, இறுகிய ரப்பர் சீலுக்கு இது உண்மையாகவே உதவலாம். அதிகக் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கென்று விற்கும் ஆயில்கள் சிலவற்றிலும் இதே வேலையைச் செய்யும் பொருள் சேர்க்கப்படுகிறது. ஆனால் லிப் கிழிந்திருந்தாலோ, லிப்பை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கழன்றிருந்தாலோ, ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ ஊற்றிப் பயனில்லை. ரப்பருக்குப் பதில் டெஃப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் லிப் செய்த சீல் எதிலும் ஊறாது, அதனால் அங்கும் பயனில்லை.

பின்பக்கத்தில் கசிவு மெதுவாக இருந்து, கிளட்ச் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்றால், ஆடிட்டிவ் ஊற்றிக் காத்திருந்து கிளட்ச் மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். ஆயில் கிளட்ச் தட்டைத் தொட்டுவிட்டால் காத்திருக்கக் கூடாது. வழுக்கும், வண்டி கிளம்பும்போது உதறும். முன்பக்கத்தில் டைமிங் பெல்ட் நனைகிறது என்றால் அன்றைக்கே வேலையை எடுக்க வேண்டும். ஆயில் ஊறிய பெல்ட் பற்கள் விட்டுக்கொடுத்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

நைட்ரைல், விட்டான், டெஃப்லான்

பழைய சீல் வெளியே வந்ததும் அதன் லிப்பை விரலால் மடக்கிப் பாருங்கள். மெத்தென்று மடங்கித் திரும்பினால் அது வெப்பத்தால் போகவில்லை, காரணம் வேறெங்கோ இருக்கிறது. நகம் போல விறைத்து, ஓரத்தில் பொடிப்பொடியாக வெடித்திருந்தால் வெப்பமும் வயதும்தான். இதைப் பார்க்காமல் புதியதை அடித்துவிட்டால் அடுத்த தேர்வு குருட்டுத் தேர்வாகிவிடும்.

நைட்ரைல் ரப்பர் மலிவானது, ஆயிலைத் தாங்கும், பொருத்தும்போது சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநாள் வேலை செய்தால் இறுகத் தொடங்கும். விட்டான் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஃப்ளூரோ ரப்பர் சுமார் 200 டிகிரி வரை தாங்கும். இரண்டுக்கும் நடுவில் அக்ரிலிக் ரப்பர் வருகிறது. சுமார் 150 டிகிரி வரை அது நிற்கும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விட்டான் பழுப்பாகவும் வரும், கறுப்பாகவும் வரும். சீல் மேல் அச்சிட்ட எழுத்தையும் பாகத்தின் எண்ணையும்தான் நம்ப வேண்டும். 40×55×8 என்று அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், அகலம் இவற்றைத்தான் அந்த எண் சொல்லும். ரப்பர் எது என்பதைச் சொல்லாது.

டெஃப்லான் சீல் வேறு ஜாதி. அதில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. லிப் அகலமாக ஷாஃப்ட் மேல் படுத்துக்கொள்ளும். 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆயில் குறைவாக வந்தாலும் சமாளிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் பொருத்துவதில் துளி மன்னிப்புக் கிடையாது. ரப்பர் சீலுக்கு லிப்பில் ஆயில் தடவுவது கட்டாயம். டெஃப்லானுக்கு ஆயில் கூடவே கூடாது. சீலும் ஷாஃப்ட்டும் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். முதல் சுழற்சியில் டெஃப்லானின் மெல்லிய படலம் உலோகத்தில் ஒட்டிப் படிய வேண்டும், ஆயில் இருந்தால் அது நடக்காது. கூடவே வரும் பிளாஸ்டிக் வளையம் வெறும் பேக்கிங் இல்லை. லிப் உள்ளே சுருங்கிவிடாமல் விரித்து வைத்திருப்பதும், ஷாஃப்ட் மேல் வழிநடத்துவதும் அதுதான். முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டால் லிப் சுருங்கி, பொருத்தும்போது மடிந்துவிடும். பொருத்திய பின் சுமார் நான்கு மணி நேரமாவது இன்ஜினைச் சுற்றாமல் விடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். பெட்டியில் வரும் தாளைப் படியுங்கள், அதில் உள்ள நேரம்தான் கணக்கு.

என் தேர்வு இது. முன்பக்கத்துக்கு இன்ஜின் தயாரிப்பாளர் கொடுத்த ரப்பர் வகையே போதும், விட்டான் கிடைத்தால் அது. பின்பக்கத்துக்கு தயாரிப்பாளர் இப்போது எதைக் கொடுக்கிறாரோ அது மட்டும். சில இன்ஜின்களில் முதலில் ரப்பர் வந்து, பிறகு பாகத்தின் எண் மாறி டெஃப்லானாகியிருக்கும். பெயர் தெரியாத நைட்ரைல் சீலைப் பின்பக்கத்தில் போடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால்

மெல்லிய ரப்பர் லிப் கெட்டியான எஃகைத் தேய்க்குமா என்று தோன்றும். தேய்க்கும். ஆயிலில் வரும் தூசும் கரியும் லிப்பின் அடியில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக அரைக்கும். பளபளவென்று ஒரு கோடு மட்டும் தெரிந்தால் கவலையில்லை. விரல் நகத்தைக் குறுக்கே இழுத்து, நகம் மாட்டினால் அது பள்ளம்.

அப்போது இரண்டு வழிகள். ஒன்று, சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி அடித்து, லிப்பைத் தேயாத இடத்தில் உட்கார வைப்பது. செலவே இல்லை. ஆனால் ஹவுசிங்கில் அதற்கு இடம் இருக்க வேண்டும், சீல் கோணாமல் நிற்க வேண்டும், உள்ளே தள்ளினால் பின்னால் உள்ள ஆயில் வடியும் துளை அடைபடக் கூடாது, வெளியே இழுத்தால் லிப் ஷாஃப்ட்டின் சரிவான ஓரத்தில் ஏறிவிடக் கூடாது. இரண்டாவது, பள்ளத்தை மூடும்படி ஷாஃப்ட் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறையான ஸ்லீவ். எஸ்கேஎஃப்பின் ஸ்பீடி ஸ்லீவ் பரவலாகத் தெரிந்தது. அதன் சுவர் கனம் சுமார் 0.28 மில்லிமீட்டர்தான், எனவே பழைய அளவு சீலையே போடலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோக எபாக்ஸி தடவி, அது இறுகுவதற்கு முன் ஸ்லீவை ஏற்ற வேண்டும். கூடவே வரும் கிண்ணத்தால் நேராகத் தட்டி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் நெளிந்துவிட்டால் அந்த ஸ்லீவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

முன்பக்கத்தில் பல இன்ஜின்களில் லிப் உரசுவது கிராங்க்கில் இல்லை, புல்லியின் கழுத்தில். அங்கே புல்லியையே மாற்றுவது எல்லாவற்றையும்விடச் சுத்தமான வழி. கிடைக்காவிட்டால் தள்ளி அடித்துப் பார்க்கலாம். பின்பக்கத்தில் நகம் மாட்டினால் நான் ஸ்லீவ் பக்கம்தான். தள்ளி அடித்தது பிடிக்காமல் போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

துருவோ சின்னக் கீறலோ இருந்தால் மெல்லிய எமரி பேப்பரால் துடைக்கலாம். ஆனால் ஷாஃப்ட்டைச் சுற்றி வட்டமாக மட்டும். சாய்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத மரைக்கோடுகள் உருவாகி, கிராங்க் சுற்றும்போது ஆயிலை வெளியே இறைக்கும்.

எடுப்பதும் அடிப்பதும்

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுப்பதைவிட, சீலின் உலோக முகத்தில் ஆழம் பார்த்துச் சின்னத் துளை போட்டு, திருகாணி ஏற்றி இழுப்பது நல்லது. துரப்பணத் தூளைக் காந்தத்தால் எடுத்துவிட வேண்டும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. எந்த வழியிலும் ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால் புதுச் சீல் வீண்.

உள்ளே அடிக்கும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ஷாஃப்ட்டில் புல்லியின் சாவி உட்காரும் வெட்டான சாவிக்காடியின் கூர் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். சீலின் வெளி ஓரத்தில் மட்டும் சமமாக அழுத்தும் குழாயோ டிரைவரோ வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் உள்ளே ஸ்பிரிங் துள்ளிக் கழன்றுவிடும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. கேரியரோடு (சீலைத் தாங்கும் தட்டோடு) சேர்ந்தே வரும் பின்பக்கச் சீல் சிலவற்றில் கிராங்க் சென்ஸாருக்கான வளையமும் சேர்ந்திருக்கும். அதற்கான பிரத்யேகக் கருவி இல்லாமல் கையே வைக்காதீர்கள், வளையம் நகர்ந்தால் இன்ஜினின் நேரக் கணக்கே தப்பும். ஃப்ளைவீல் போல்ட்டுகள் பல இன்ஜின்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை. துளை கிராங்க்கேஸ் வரை திறந்திருக்கும் இன்ஜின்களில் மரையில் சீலன்ட் போடாவிட்டால் அதன் வழியே ஆயில் வரும், புதுச் சீல்தான் ஒழுகுகிறது என்று நினைக்க வைக்கும்.

மிகப் பழைய இன்ஜின்களில் ரப்பருக்குப் பதில் கயிறு போன்ற பொருளை வைத்து அடைத்த கயிற்றுச் சீலுக்குப் பதில் இரண்டு துண்டு ரப்பர் சீல் போடலாம். ஆனால் கயிற்றுக்கென்று ஷாஃப்ட்டில் வரிவரியாக வெட்டியிருந்தால் அது ரப்பரை அறுத்துவிடும், கயிற்றிலேயே இருங்கள்.

ஒழுகாத பின்பக்கச் சீலை, கிளட்ச் வேலைக்காகத் திறந்திருக்கும்போதே மாற்றிவிடலாமா? இதில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. ரப்பர் சீலாக இருந்து வயதும் ஆகியிருந்தால் நான் மாற்றுவேன், அடுத்த கிளட்ச் வரை அது தாங்கும் என்று நம்ப முடியாது. காய்ந்து சுத்தமாக இருக்கும் டெஃப்லான் சீலை, அதிலும் கேரியரோடு வந்ததை, தொடமாட்டேன்.