மஸூரி ஆமைத் தீவனம்: வசந்தத்துக்குச் சரி, கோடைக்கும் குளிருக்கும் ஆகாது

மொஹாவி பாலைவன ஆமையை முறைப்படி தத்தெடுத்துத் தோட்டத்தில் வளர்க்கும் அமெரிக்கர்களுக்கு மஸூரி நிறுவனத்தின் பெல்லட் (உருண்டைத் தீவனம்) நன்றாகத் தெரிந்த சரக்கு. 5எம்21 என்ற பழைய வகையில் புரதம் குறைந்தது 15 சதவீதம், நார்ச்சத்து அதிகபட்சம் 18. சோயாத் தோல், மக்காச்சோளம், ஓட்ஸ், கூடவே கரும்பு மொலாசஸ். இனிப்புக்குப் பழகிய ஆமை அப்புறம் புல்லைச் சீண்டாது.

தீவனம் மோசமில்லை. எந்த மாதத்தில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம். இந்த ஆமைக்கு, மிகையான உப்பை வெளியேற்றும் உப்புச் சுரப்பி கிடையாது. செடியிலுள்ள பொட்டாசியத்தை யூரேட் என்ற கழிவு உப்பாக்கி வெளியே தள்ள நைட்ரஜனும் தண்ணீரும் செலவாகும். அதனால் காட்டில் அது மார்ச் முதல் மே வரை சாறும் புரதமும் நிறைந்த இளஞ்செடி, பூக்களைத் தேடி மேய்கிறது. ஜூனில் எல்லாம் காய்ந்ததும் வளைக்குள் முடங்கி, சிறுநீர்ப்பையில் சேர்த்த நீரை வைத்துக் காலம் தள்ளும். கோடை மழை பெய்தால் வயிறு முட்டக் குடித்து, தேங்கிய யூரேட்டைக் கழித்துவிட்டுக் காய்ந்த புல்லையும் தின்னும். அக்டோபர், நவம்பரில் குளிர் உறக்கத்துக்குப் போகும்.

பெல்லட்டையும் இந்தக் கணக்கில்தான் போட வேண்டும். வசந்தத்தில் வாரம் ஒருமுறை, ஆமையின் தலையளவு போதும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நறுக்கிய அருகம்புல்லோடு பிசைந்து வையுங்கள். மீந்ததை அன்றே எடுத்துவிடுங்கள், வெயிலில் சீக்கிரம் புளிக்கும். கோடையில் நீர் வற்றிய உடம்புக்குப் புரதத்தை ஏற்றினால் சிறுநீர்ப்பையில் யூரேட் கல் கட்டும். ஆமையை ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் ஊறவைத்துக் குடிக்கவிட்ட பிறகே பெல்லட் கொடுக்கலாம்.

செப்டம்பர் நடுவோடு பெல்லட்டை நிறுத்திவிடுங்கள். உறக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு புல்லும் வேண்டாம், தண்ணீர் மட்டும். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும். குடலில் தங்கிய மாவுச்சத்து அழுகும். விழித்ததும் முதலில் குளியல், பிறகு பச்சை. சாணம் ஒழுங்காக வந்த பிறகு பெல்லட்.

எல்எஸ் என்ற குறைந்த மாவுச்சத்து வகை வளர்ந்த ஆமைக்கு இன்னும் பொருத்தம்: நார் அதிகம், புரதம் குறைவு. ஆனால் பல ஆமைகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பழைய வகையோடு கலந்து மெல்ல மாற்ற வேண்டும். ஒற்றை ஆமைக்கு 25 பவுண்டு மூட்டை வாங்காதீர்கள். பிரித்து வைத்தால் வைட்டமின் போய்விடும். சின்னப் பை விலை கூடினாலும் அதுவே லாபம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தோட்டத்தில் அருகும் சப்பாத்திக்கள்ளியும் தாராளமாக இருந்தால் இது தேவையே இல்லை.