ஐந்து ஆண்டுகள், மூன்று பெடோமீட்டர்கள்: என்னை நடக்க வைத்தது எது?

இரவு ஒன்பதேகால் மணி. பையிலிருந்து கருவியை எடுத்துப் பார்க்கிறேன்: 6,180. என் இலக்கு 7,500. இன்னும் ஆயிரத்து முந்நூறு காலடி, பன்னிரண்டு பதிமூன்று நிமிட வேலை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறேன். ஐந்து ஆண்டுகளாக என் நடைப்பழக்கம் அறுந்துபோகாமல் இருப்பதற்கு இந்த ஒன்பதேகால் மணிப் பார்வைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அதனால் காலடிகளை எண்ணும் இந்தக் கருவியை, அதாவது பெடோமீட்டரை, வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நாள் முடிவதற்குள், இன்னும் நடக்க நேரம் இருக்கும்போதே, எண் உங்கள் கண்ணில் படுமா?

நான் முதலில் வாங்கியது இடுப்பில் கிளிப் போட்டு மாட்டும் பழைய வகை. உள்ளே ஒரு சிறு நெம்புகோல் ஸ்பிரிங்கில் தொங்கும். காலடிக்குக் காலடி இடுப்பு ஏறி இறங்கும்போது அந்த நெம்புகோல் துள்ளி விழும்; எண் ஒன்று கூடும். காதருகே வைத்து ஆட்டினால் டிக் டிக் என்று கேட்கும். எளிய பொறி, பேட்டரியும் நெடுநாள் வந்தது. ஆனால் அது செங்குத்தாக நிற்க வேண்டும். வயிறு கொஞ்சம் முன்தள்ளியிருந்தால் இடுப்புப் பட்டை சாயும், கருவியும் கூடவே சாயும், காலடிகள் விடுபடும். வராந்தாவில் நூறு காலடி வாய்விட்டு எண்ணி நடந்து பார்த்தேன், 81 என்றது. தொடையின் நடுக்கோட்டுக்கு நேராக நகர்த்தி மாட்டினேன், 94 வந்தது. ஜப்பானியத் தொழில்துறைத் தரம் நூறு காலடிக்கு மூன்று வரைதான் பிழையை அனுமதிக்கிறது என்பதைப் பின்னர் படித்தேன். குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போனால் நடக்காத காலடிகளும் ஏறின.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எண்ணை அழிக்கும் பொத்தான் மூடியில்லாமல் முகப்பிலேயே இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் மாலை கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தேன். பொத்தான் அழுந்தி, காலையிலிருந்து சேர்ந்த எட்டாயிரத்துச் சொச்சமும் பூச்சியமாகிவிட்டது. நடந்தது நடந்ததுதான், உடம்புக்குக் கிடைத்த பலன் எங்கும் போகவில்லை என்று அறிவுக்குத் தெரியும். மனம் கேட்கவில்லை. அடுத்த மூன்று நாள் நான் நடக்கவே போகவில்லை. ஊக்கத்துக்காக வாங்கும் கருவியில் இது சின்னக் குறையல்ல. பொத்தான் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது, மணிக்கட்டில் கட்டும் பட்டை. பூட்டுவதும் கழற்றுவதும் எளிது, மறந்துவிட்டுப் போக வாய்ப்பில்லை. ஆனால் அது பார்ப்பது கையின் அசைவை. துணி மடித்தால் காலடி ஏறும். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்தால் ஏறாது. ஒரு முழு நாள் கணக்கில் இவை ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துவிடலாம். என் சிக்கல் வேறு. திரையைத் தட்டி எழுப்ப வேண்டும், விவரம் வேண்டுமானால் கைபேசியைத் திறக்க வேண்டும். கைபேசியைத் திறந்தால் எண்ணைப் பார்க்குமுன் நாலு செய்திகள் இழுத்துக்கொண்டன. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். உறக்கம், நாடித்துடிப்பு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தலாம்.

மூன்றாவதாக வந்ததுதான் மூன்று ஆண்டுக்கு மேலாக என்னோடு இருக்கிறது. கட்டைவிரல் அகலம், மும்முனை முடுக்கமானி கொண்டது. மேல் கீழ், முன் பின், இடம் வலம் என்று மூன்று திசை அசைவையும் உணர்வதால், பைக்குள் எப்படிக் கிடந்தாலும் எண்ணுகிறது. வராந்தாச் சோதனையில் முதல்முறை 98, அடுத்த முறை 101. ஒன்று கவனிக்க வேண்டும்: நடக்கத் தொடங்கிய முதல் சில நொடிகளில் எண் அசையாது. எழுந்து உட்காருவதை நடை என்று எண்ணிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது; தொடர்ந்து நடந்தால் விட்டதையும் சேர்த்துக் காட்டிவிடும். இது தெரியாமல் நாலு காலடி வைத்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய எண்கள், எப்போதும் அணையாத திரை, நள்ளிரவில் எண்ணைத் தானாகப் பூச்சியமாக்கும் கடிகாரம், கடந்த ஏழு நாள் நினைவு. இந்த ஏழு நாள் நினைவை வாங்கும்போது நான் பொருட்படுத்தவில்லை. முதல் மாதத்திலேயே அது ஒன்றைக் காட்டிக்கொடுத்தது: வேலை நாள்களில் ஏழாயிரத்தைத் தொடும் நான், ஞாயிறுதோறும் இரண்டாயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. ஓய்வு நாளில்தான் நிறைய நடக்கிறேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை நடை அப்படித்தான் தொடங்கியது.

கருவியோடு வரும் கயிற்றை வீசிவிடாமல் பைக்குள் முடிந்து வையுங்கள். என்னுடையது ஒருமுறை கால்சட்டைப் பையோடு சலவை இயந்திரத்துக்குள் போய், இரண்டு நாள் உலர்ந்தபிறகுதான் உயிர் பெற்றது.

இலக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கருவி வாங்கியும் பலர் இடையில் விட்டுவிடுவது இங்கேதான். நாளுக்கு 10,000 காலடி என்று எங்கும் சொல்லப்படும் எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ஒரு பெடோமீட்டரை ‘மன்போ-கெய்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பத்தாயிரம் காலடி மானி’ என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது, எண்ணும் உலகமெங்கும் பரவியது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட பெண்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 காலடி நடந்தவர்களிடையே, 2,700 காலடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அளவுக்கு மேல் அந்த வேறுபாடு பெரிதாகக் கூடவில்லை. எல்லா வயதினருக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பத்தாயிரம் வராத நாளெல்லாம் தோற்ற நாள் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

நான் செய்தது இது. முதல் வாரம் எதையும் மாற்றாமல், வழக்கம்போல் இருந்து எண்ணை மட்டும் குறித்தேன். சராசரி 4,300. அடுத்த இரண்டு வாரம் 5,000. பிறகு 6,000. 7,500-ஐ எட்ட நான்கு மாதம் பிடித்தது. பெடோமீட்டர் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2007-இல் வந்த ஒரு மதிப்பாய்வு, கருவி அணிந்தவர்கள் அணியாதவர்களைவிட நாளுக்குச் சுமார் 2,500 காலடி கூடுதலாக நடந்ததையும், இலக்கு ஒன்றை வைத்துக்கொண்டவர்களிடமே அந்த உயர்வு தெளிவாகத் தெரிந்ததையும் காட்டியது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. இலக்கில்லாமல் வெறும் எண்ணாக அது பைக்குள் இருந்த வாரங்களில் நான் கூடுதலாக ஒரு தெருகூட நடக்கவில்லை.

வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு நூறு காலடி என்பதை மிதமான உடலுழைப்புக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது. தொடர்ந்து பத்து நிமிடத்துக்குமேல் நடந்த காலடிகளைத் தனியாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. என்னுடையதில் அது உண்டு, வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. எடையையும் காலடி நீளத்தையும் வைத்து அது போடும் உத்தேசக் கணக்கை நம்பிச் சாப்பாட்டை மாற்றுவது சரியல்ல. நீச்சலும் சைக்கிளும் பெடோமீட்டரின் கணக்கில் வராது. அவைதான் உங்கள் பயிற்சி என்றால் இதை வாங்க வேண்டாம்.

முதியவர்களுக்கு வாங்குகிறவர்கள் கட்டாயம் ஒன்றைச் சோதியுங்கள். மிக மெதுவான நடையைப் பெரும்பாலான பெடோமீட்டர்கள் முழுதாக எண்ணுவதில்லை. என் அம்மா காலைத் தேய்த்து மெல்ல நடப்பவர். எனக்கு 98 காட்டிய அதே வகைக் கருவி, அவர் கூடவே நடந்து நான் எண்ணிய நூறு காலடிக்கு 63 தான் காட்டியது. “நான் நடந்ததை இது நம்பலையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. அவருக்குக் காலடிக் கணக்கு வேண்டாம் என்று முடிவுசெய்து, கடிகாரத்தைப் பார்த்துக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். மாலைப் பத்து நிமிடத்துக்கு நானும் கூடப் போகிறேன். அவர் வேகத்தில் நடப்பதால் என் பையிலிருக்கும் கருவியிலும் அந்தக் காலடிகள் பாதிக்குமேல் ஏறுவதில்லை.