எடிட்டிங் மடிக்கணினி: பட்டியலில் கடைசியாக இருந்த சில்லும் அதை அணைத்துவைக்கும் மென்பொருளும்

2022-ஆம் ஆண்டின் இறுதியில் நான் வாங்கிய மடிக்கணினியின் அதே மாதிரி, பழைய கணினிகளைச் சரிபார்த்து விற்கும் கடைகளில் இப்போது அன்றைய விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைக்கிறது. சேலத்தில் கல்யாண வீடியோ எடுத்துவரும் நண்பர் ஒருவர், இனி எடிட்டிங்கையும், எழுத்துகளையும் படங்களையும் அசையவைக்கும் மோஷன் கிராபிக்ஸையும் தாமே செய்ய முடிவெடுத்திருப்பதால், அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இன்டெல் ஐ7-12700எச், 6 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 15.6 அங்குலத் திரை என்ற விவரங்கள் எல்லாம் அவருக்கே தெரியும். தெரியாதது, இவற்றுள் எது உண்மையில் வேலை செய்கிறது என்பதுதான். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லவில்லை. இங்கே பேசப்போகும் குறை கேமிங் வகையில் வரும் வேறு பல கணினிகளிலும் இருக்கக்கூடியது என்பதால், பெயரை விடக் குறையைத் தெரிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. கல்யாண வேலையில் இப்போது பெரும்பாலும் பயன்படும் சோனி ஏ7 IV, கேனான் ஆர்6 போன்ற கேமராக்கள் 10 பிட், 4:2:2 வடிவில் பதிவு செய்யக்கூடியவை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள் என்றால், 10 பிட்டில் 1024. சாதாரணமான 4:2:0 பதிவில் நிறத் தகவல் கால் பங்குப் புள்ளிகளுக்கே சேமிக்கப்படும். 4:2:2-இல் பாதிப் புள்ளிகளுக்குச் சேமிக்கப்படும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையின் ஜரிகை ஓரமும், வரவேற்பு மேடையின் பின்னால் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும் விளக்கொளியும், நிறத்திருத்தத்தில் இழுத்த பிறகும் பட்டை பட்டையாகப் பிரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் சுருக்கிச் சேமிக்கப்பட்ட இந்தக் கோப்புகளை விரித்துக் காட்டுவது கணினிக்குக் கடுமையான வேலை. அதற்கென்றே அமைந்த தனிச் சுற்று சில்லுக்குள் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த கணினியிலும், காட்சிகளை அடுக்கி வெட்டும் டைம்லைன் திக்கித் திக்கித்தான் நகரும்.

எல்லோரும் விலை கொடுத்து வாங்கும் ஆர்டிஎக்ஸ் 3060-இல் 4:2:2 கோப்பை விரிக்கும் அந்தச் சுற்று இல்லை. அடுத்து வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலும் இல்லை. 2025-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. ஆனால் 12-ஆம் தலைமுறை இன்டெல் சில்லுக்குள்ளேயே இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ என்ற சிறிய கிராபிக்ஸ் பகுதி, எச்.265 என்ற சுருக்க வடிவிலான 10 பிட் 4:2:2 கோப்புகளை எவ்விதத் திணறலும் இன்றி விரித்துவிடுகிறது. விளம்பரத்தில் எங்குமே பெரிதாக எழுதப்படாத, விவரப்பட்டியலின் கடைசி வரியில் ஒதுங்கியிருக்கும் பகுதி அது. கெட்டிமேளம் ஒலிக்கும் நேரத்தில் மூன்று கேமராக்கள் எடுத்த 4கே காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மல்டிகேம் முறையில் ஓடவிட்டுக்கொண்டே வெட்டுகிறேன். ப்ராக்ஸி எனப்படும் எடை குறைந்த மாற்றுக் கோப்புகளை உருவாக்குவதற்காக ஓர் இரவு முழுவதும் காத்திருந்த பழைய வழக்கமே எனக்கு மறந்துவிட்டது. இந்த மடிக்கணினி எனக்குத் தந்த மிகப் பெரிய நன்மை இதுதான், இதற்காக அதன்மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு.

இதில் ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. இன்டெல்லின் இந்த வசதி எச்.265-க்கு மட்டுமே பொருந்தும், எச்.264 என்ற பழைய வடிவில் பதிவான 4:2:2 கோப்புக்கு இந்தத் தலைமுறையில் அது கிடையாது. சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்று வைத்து எடுத்தால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வைத்தால் எச்.265. ஆகவே என்னிடம் எடிட்டிங்குக்கு அனுப்பும் ஒளிப்பதிவாளர்களிடம், 4கே 50 ஃப்ரேமில் எச்எஸ் வைத்து எடுக்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேமராவின் ஒரு மெனுவில் செய்யும் அந்த மாற்றம், கணினிக்குச் செலவழிக்கும் கூடுதல் ஐம்பதாயிரம் ரூபாயை விட அதிகமாக வேலையை எளிதாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

இனி, வாங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். கேமிங் வகைக் கணினிகள் பலவற்றில் மக்ஸ் சுவிட்ச் என்ற அமைப்பு உண்டு. சாதாரண நிலையில் திரைக்குச் செல்லும் படம் இன்டெல் பகுதியின் வழியாகவே போகும். இந்தச் சுவிட்சை மாற்றினால் என்விடியா கார்டு திரையுடன் நேரடியாக இணைந்துகொள்ளும், விளையாட்டுகள் சற்று வேகமாக ஓடும். பிரச்சினை என்னவென்றால், என் கணினியில் அந்த நிலைக்கு மாறியவுடன் இன்டெல் கிராபிக்ஸ் பகுதி முழுவதுமாக அணைக்கப்பட்டுவிடுகிறது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற தலைப்பின் கீழே இரண்டு பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் என்விடியா மட்டும் தனியாக நிற்கும். எந்தச் சுற்றை நம்பி நான் 4:2:2 காட்சிகளை வெட்டுகிறேனோ, அந்தச் சுற்றே கணினியில் இல்லாமல் போய்விடும்.

நானாக மாற்றினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணினியுடன் வந்த கட்டுப்பாட்டு மென்பொருள், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், சில வேளைகளில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட பிறகும், என்னைக் கேட்காமல் அந்த நிலைக்குத் தாவிவிடுகிறது. எச்சரிக்கையோ அறிவிப்போ எதுவும் வருவதில்லை. காலையில் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரைத் திறந்தால், முந்தைய இரவு வழுக்கிக்கொண்டு ஓடிய அதே டைம்லைன் ஃப்ரேம்களை விழுங்கத் தொடங்கும். பிராசசர் முழுக் கொள்ளளவில் திணறும். விசிறிகள் அறை முழுவதும் கேட்கும்படி இரையும். திரும்பப் பழைய நிலைக்கு மாற்ற வேண்டுமென்றால் எல்லாக் கோப்புகளையும் மூடி, கணினியை மறுபடி தொடங்கியாக வேண்டும். வரவேற்பு மேடையின் எல்இடி சுவருக்கான காணொளியை மாலைக்குள் கொடுத்தாக வேண்டிய நாளில் இப்படி ஆகும்போது, காரணம் எனக்குத் தெரிந்திருந்தும் கோபத்தை அடக்க முடிவதில்லை. காரணம் தெரியாத ஒருவர், பாவம், கோப்பு பழுதா, கேமரா பழுதா, மென்பொருள் பழுதா என்று அந்த நாள் முழுவதையும் தேடித் தொலைத்திருப்பார்.

அண்மையில் ஒரு விசிறியின் பேரிங் தேய்ந்து கரகரவென்று ஓசை எழுப்பியதால் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். விசிறியை மாற்றி, தூசியை நீக்கி, புதிய தெர்மல் பேஸ்ட் தடவி, வேலையைச் சுத்தமாகவே செய்திருந்தார்கள். கூடவே பயாஸையும் புதுப்பித்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்டெல் பகுதி மறுபடியும் காணாமல் போயிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, “கேம் போட்டு ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம் சார், ஒரு பிரச்சினையும் இல்லை, இந்த மோடுதான் ஃபாஸ்ட்” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் தவறும் இல்லை. இந்தக் கணினியை வாங்கும் பெரும்பாலோர் விளையாடவே வாங்குகிறார்கள், அவர்களுக்கு அந்த நிலை உண்மையிலேயே வேகமானதுதான். ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் ‘கிரியேட்டர்களுக்காக’ என்று அச்சிட்டு விற்கும் ஒரு நிறுவனம், அந்த கிரியேட்டர் எந்தச் சுற்றைப் பயன்படுத்துகிறார் என்பதைத் தன் மென்பொருளை எழுதுபவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயனர் தேர்ந்தெடுத்த நிலையை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும் மென்பொருளை எழுதுவது கடினமான காரியமல்ல.

மோஷன் கிராபிக்ஸ் வேலையில் இந்தத் தொல்லை அவ்வளவாக உறைப்பதில்லை, ஏனெனில் அதற்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் பெரிதும் நம்பியிருப்பது பிராசசரையும் ரேமையும்தான். இங்கே என் கணினி முதலில் தடுமாறியது, பின்னர் முழுமையாகக் கைகொடுத்தது. ஒரு 4கே ஃப்ரேமை 16 பிட்டில் வைத்துக்கொள்ள ஏறத்தாழ 66 எம்பி இடம் வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரே நொடிக்கு 1.6 ஜிபிக்கு மேல் ஆகிறது. கணினியுடன் வந்த 16 ஜிபி ரேமில், விண்டோஸும் பிற மென்பொருள்களும் எடுத்துக்கொண்டது போக மீதமிருந்ததை வைத்து, சில நொடிகளுக்கு மேல் முன்னோட்டம் பார்க்க முடியவில்லை. 64 ஜிபியாக உயர்த்திய பிறகு அரை நிமிடத்தை நெருங்கும் காட்சியைத் தடையின்றி ஓடவிட்டு, எழுத்துகள் வந்து அமரும் தாளத்தைச் சரிபார்க்க முடிகிறது. 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது, அதாவது இறுதிப் படமாக உருவாக்குகிறது. 14 கோர்கள் கொண்ட இந்தப் பிராசசருக்கு அது நல்ல தீனிதான், ஆனால் ஒரே நேரத்தில் ரெண்டராகும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி நினைவகம் தேவை என்பதால் ரேம் குறைவாக உள்ள கணினியில் அதன் முழுப் பயன் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் நெட்டுவாக்கு அழைப்பிதழ் காணொளிகளை மட்டும் செய்பவருக்கு இவ்வளவு தேவையில்லை. 1080 × 1920 அளவில், 8 பிட்டில், ஒரு நொடிக்கு இருநூறு எம்பி அளவே ஆகும். என் நண்பர் எல்இடி சுவர் வேலைகளையும் எடுக்கவிருப்பதால், ரேமைப் பின்னர் கழற்றி மாற்ற முடியுமா என்பதை அவர் விலைக்கும் முன்னதாகக் கேட்க வேண்டும். பலகையோடு பற்றவைத்த ரேம் என்றால், வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசி நாள் வரைக்கும்.

கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 என்பது 60 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நீண்ட ரெண்டரில் இரண்டும் ஒன்றல்ல. என்னுடையது உயர்ந்த வாட்டில் இயங்குவதால் வேகத்தில் குறையில்லை, ஆனால் மதுரையின் மே மாத வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்து ரெண்டர் செய்தால், கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியாது. சார்ஜரைக் கழற்றினால் வேகம் பாதியைவிடக் கீழே இறங்கிவிடும். மின்வெட்டின்போது சிறிய இன்வெர்ட்டரில் 230 வாட் சார்ஜரைச் செருகிவிட்டு, மற்ற அறைகளில் விசிறியை நிறுத்தச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எஸ்ஆர்ஜிபி வண்ண வரம்பை முழுமையாகக் காட்டுகிறது, அது போதும். 45 சதவீத என்டிஎஸ்சி என்று விவரப்பட்டியலில் எழுதியிருந்தால் அந்தக் கணினியை அங்கேயே விட்டுவிட வேண்டும். அரக்குச் சிவப்பு எது, செங்கல் நிறம் எது என்று அந்தத் திரையில் பிரித்தறிய முடியாது.

ஆப்பிளைப் பற்றியும் நண்பர் கேட்டார். 2021-இல் வந்த எம்1 ப்ரோ சில்லிலேயே எச்.264, எச்.265, ப்ரோரெஸ் ஆகிய வீடியோ வடிவங்களுக்கான சுற்றுகள் உள்ளன. சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் ஏறக்குறைய குறையாது, விசிறியின் இரைச்சலும் பெரும்பாலும் கேட்காது. வெட்டி ஒட்டும் வேலை மட்டுமே செய்பவருக்கு அது இதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட வழியில்லை. எம்1 ப்ரோவில் 32 ஜிபிதான் உச்சம்; 64 ஜிபி வேண்டுமென்றால் அதைவிட உயர்ந்த எம்1 மேக்ஸ் சில்லுக்குத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டிய தொகை, மாவட்டத் தலைநகர் ஒன்றில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவருக்கு எட்டக்கூடியதல்ல.

இத்தனை ஆண்டுகளில் இந்தக் கணினி ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை, ஒரு வேலையையும் தவறவிடவில்லை, போட்ட பணத்தை எப்போதோ திருப்பித் தந்துவிட்டது. இதுவரை நான் பயன்படுத்தியவற்றுள் இதுதான் சிறந்தது. இருந்தும், பாதி விலைக்குக் கிடைத்தாலும் இதை வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன். என்னைக் கேட்காமல் என் வேலைக்கான சுற்றை அணைத்துவைக்கும் ஒரு மென்பொருளோடு அவரும் மல்லுக்கட்டுவதை நான் விரும்பவில்லை. இன்னும் சற்றுப் பணம் சேர்த்து, எந்த நிலையில் வைத்தாலும் 4:2:2 கோப்பை விரிக்கும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கணினியை வாங்குவது அவருக்கு நிம்மதி.

அப்படியும் இதைத்தான் வாங்குவேன் என்றால், கடைக்குப் போகும்போது தம்முடைய கேமராவில் எடுத்த எக்ஸ்ஏவிசி எச்எஸ் காட்சிகளைப் பென் டிரைவில் கொண்டுபோகட்டும். டிவைஸ் மேனேஜரில் இன்டெல், என்விடியா என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, கடையிலேயே காட்சியை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் இன்டெல் பகுதியின் வீடியோ டீகோட் வரைபடம் உயர்கிறதா என்று கவனித்து, அதன் பிறகு பணத்தைக் கொடுக்கட்டும்.