மூக்குச் சதைக்கு மூன்று ஊசி: நான் எதை எடுத்தேன், ஏன்

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறவள் நான். மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. இரண்டு முறையும் திரும்ப வளர்ந்தது. ஸ்டீராய்டு மாத்திரை போடும் நாட்களில் வாசம் வரும், நிறுத்தினால் போய்விடும். ஒரு தீபாவளி வாரம் மணகோலம் சுடும்போது உதவிக்கு வரும் பெண் கேட்டாள்: "அக்கா, எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதே, தெரியலையா?" தெரியவில்லை. மூன்று டின் பலகாரத்தைக் கொட்டினேன். அதற்கப்புறம்தான் சதைக்குப் போடும் ஊசிப் பேச்சு வந்தது: ஒமலிசுமாப், மெபோலிசுமாப், டுபிலுமாப் என்று மூன்று.

ஒமலிசுமாப், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்து வைக்கும். எடையையும் ரத்தத்தில் உள்ள ஐஜிஇ அளவையும் பார்த்து 2 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. முதல் ஊசிகளை மருத்துவமனையில்தான் போட வேண்டும், கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால். மெபோலிசுமாப் இயோசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களைக் குறைக்கும், 100 மி.கி., 4 வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 13. டுபிலுமாப் 300 மி.கி., 2 வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 26. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மெபோலிசுமாப்தான் நிம்மதி.

நான் எடுத்தது டுபிலுமாப். காரணம் வாசனை, வேறொன்றுமில்லை. சதையோடு ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு (எனக்கும் இளைப்பு உண்டு) இதையும் ஒமலிசுமாபையும் நேருக்கு நேர் கொடுத்துப் பார்த்த எவரெஸ்ட் ஆய்வில், 24 வாரத்தில் சதை சுருங்கியதிலும் வாசனை திரும்பியதிலும் டுபிலுமாப் முந்தியது. என் கதையில், மூன்றாவது ஊசிக்கு அப்புறம் ஒரு காலை கல்பாசி டப்பாவைத் திறந்தேன். லேசாக, ஈர மரப்பட்டை மாதிரி, வந்தது. மூடி மூடித் திறந்து பார்த்தேன். எல்லா வாசமும் ஒரே நாளில் திரும்பவில்லை. நெய் முதலில், கறிவேப்பிலை ரொம்பத் தாமதம். சிக்கெண்ணெயை இப்போது அந்தப் பெண்ணுக்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். மெபோலிசுமாபிலும் இப்படி வந்திருக்குமோ என்னவோ, போட்டுப் பார்த்ததில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே என்றால் 25 டிகிரிக்குள், 14 நாள் வரைதான். சித்திரையில் எங்கள் வளவில்கூட (வீட்டின் உள்முற்றம்) 25 டிகிரி ஏது? மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில்தான் கொண்டு வருகிறேன். போடுமுன் 45 நிமிடம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். வெந்நீரில் வைத்து அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாம் மாதம் கண் சிவந்து அரித்தது, சொட்டு மருந்தில் அடங்கியது. உப்புநீரில் மூக்கு கழுவுவதும் ஸ்பிரேயும் இன்னும் உண்டு.

செலவுதான் பயம். வேறொரு ஆய்வில் டுபிலுமாபை 24 வாரத்தோடு நிறுத்தியவர்களுக்குக் கிடைத்த பலன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. எனக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒரு வருஷம் ஓடட்டும்மா" என்றார்.