கண்ணாடிப் பூட்டு கிட்: காசை டென்ஷன் கம்பியில் போடுங்கள்

லாக் பிக்கிங், அதாவது சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது, பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்த கிட்டைத்தான். தோல் மாதிரி ஒரு உறைக்குள் பூட்டின் பின்களைத் தூக்குகிற 12 பிக், உருளையைத் திருப்பிப் பிடிக்கிற 5 டென்ஷன் கம்பி, கூடவே உள்ளே நடப்பது வெளியே தெரிகிற ஒரு அக்ரிலிக் பூட்டு, அதற்கு இரண்டு சாவி. ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. உறையில் எந்தக் கம்பெனி பெயரும் இல்லை. வாங்குவதற்கு முன்னால் நான் படித்த ரிவியூக்கள் எல்லாம் பிக் எத்தனை, ஸ்டீல் வளைகிறதா என்பதோடு முடிந்துவிட்டன, டென்ஷன் கம்பி பற்றி யாருமே ஒரு வரி எழுதவில்லை. என்னுடைய முதல் இரண்டு மாதம் வீணானது அதனால்தான், ஆகவே நான் அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

பிக்குகள் பரவாயில்லை. 12-இல் நான் தொடுவது இரண்டே இரண்டு, ஒரு குட்டை ஹூக், ஒரு நடுத்தர ஹூக். மற்றவை உறையை நிரப்ப வைத்தவை.

சரி, டென்ஷன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. சாவி போடும் உருளையிலும் அதற்கு மேலேயும் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் கீழே கீ பின், அதன்மேல் டிரைவர் பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். டிரைவர் பின் உருளைக்குள் இறங்கி நிற்பதால் உருளை சுழலாது. சரியான சாவி எல்லா டிரைவர் பின்னையும் ஒரே நேரத்தில் உருளைக்கு வெளியே தூக்கிவிடும். எந்தத் தொழிற்சாலையிலும் துளைகள் இம்மி பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தூக்கினால் ஒரு சின்ன ‘டிக்’, உருளை முடியளவு நகரும், அடுத்த பின் இறுகும். இப்படித் திருப்பிப் பிடிப்பதுதான் டென்ஷன். அது இல்லாமல் பின்னை எவ்வளவு தூக்கினாலும் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கீழே தள்ளிவிடும்.

கண்ணாடிப் பூட்டில் இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம், அதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஒரு வாரத்துக்கு அருமையான பொருள். ஆனால் பின்களும் துளைகளும் அதில் அவ்வளவு தொளதொளவென்று இருக்கின்றன, கம்பியை எப்படி அழுத்தினாலும் திறந்துகொள்கிறது. நான் நாலே நாளில் கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன், பழகிவிட்டோம் என்று நினைத்துப் பக்கத்துக் கடையில் ஐந்து பின் உள்ள ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன், அது மூன்று வாரம் அசையவே இல்லை.

காரணம் என் இடது ஆள்காட்டி விரல். ஒருநாள் மேஜை விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், கம்பியை அழுத்திய அந்த விரலின் நகம் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அவ்வளவு அழுத்தினால் ஒரு பின் இறுகவேண்டிய இடத்தில் மூன்று நான்கு சேர்ந்து இறுகும், எது முதலாவது என்று கைக்குத் தெரியாது, பலம் போட்டுத் தூக்கும்போது கீ பின்னே உருளையின் எல்லையைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் மேலே ஏறி நின்றபின் நூலை எப்படிப் பிடிப்போம், தொய்யவும் விடாமல் இழுக்கவும் செய்யாமல், அந்த அளவுதான் தேவை. நகத்தின் நிறம் மாறக்கூடாது என்று வைத்துக்கொண்டேன், அன்றைக்கே மூன்று பின் வரை ஏறியது.

இப்போது கிட்டில் வந்த கம்பிகளுக்கு வருகிறேன். ஐந்தில் மூன்று எல் வடிவம், ஒன்று இரண்டு பக்கமும் வளைந்தது, ஒன்று இடுக்கி மாதிரி இரண்டு கால் உள்ளது. தகடு மெல்லியது, விரல் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியைக் கம்பியே வளைந்து வாங்கிக்கொள்கிறது, உள்ளிருந்து வரும் அந்தச் சின்ன ‘டிக்’கும் வரும் வழியிலேயே அமுங்கிப்போகிறது. ஓரங்களில் பிசிறு வேறு. இன்னொன்று, பின்கள் மேலே இருக்கும்படி பூட்டைப் பிடித்தால் இந்த ஐந்தும் சாவித்துளையின் அடிப்பக்கத்தில்தான் நன்றாக உட்காருகின்றன. ஒடுக்கமான துளையில் அடியில் கம்பி இருந்தால் ஹூக் திரும்ப இடமேது?

மேல்பக்கம், முதல் பின்னுக்கு முன்னால் உள்ள அந்தக் குட்டி இடத்தில் இறுக்கமாகச் செருகும் தட்டையான கம்பி ஒன்று உண்டு, அதைத்தான் கிட்டில் வைத்திருக்க வேண்டும். நான் செய்துகொண்டேன். மெக்கானிக் கடையில் பழைய வைப்பர் பிளேடு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், ரப்பருக்குள் இரண்டு நீளமான ஸ்டெயின்லெஸ் பட்டைகள் இருக்கும். ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியை மடக்கி, அரத்தால் ராவி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் முடிந்தது. நுனி நீளமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் பின்னை உரசினால் அந்தப் பின் எப்போதுமே இறுகியிருப்பது போலப் பொய் சொல்லும். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் அளவு சரியாக வந்தது. போட்ட அன்றே பித்தளைப் பூட்டு திறந்தது, எழுந்து போய் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்து வாங்கியது மாஸ்டர் லாக் 140. நான்கே பின்தான், ஆனால் நூல்கண்டு மாதிரி நடுவில் இடை ஒடுங்கிய ஸ்பூல் பின் உள்ளே இருக்கிறது. உருளை சட்டென்று கொஞ்சம் திரும்பும், திறந்துவிட்டது என்று மனசு துள்ளும், அங்கேயே நின்றுவிடும். அந்த நிலையில் ஸ்பூல் பின்னைத் தூக்கினால் உருளை எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், கம்பி விரலைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது விரல் விட்டுக்கொடுக்க வேண்டும், முழுக்க விட்டாலோ ஏற்றிவைத்த பின்கள் எல்லாம் பொலபொலவென்று இறங்கிவிடும். எவ்வளவு விடுவது என்பதை யாரும் சொல்லித்தர முடியாது, கண்ணாடிப் பூட்டில் பழகவும் முடியாது, அதில் ஸ்பூல் பின்னே கிடையாது.

1851-இல் லண்டன் பெரும் கண்காட்சி நடந்த சமயத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் என்ற கம்பெனியின் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார், பிராமா என்ற கம்பெனியின் பூட்டைத் திறக்க 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் செலவிட்டார். முன்பெல்லாம் இதை வெறும் சாதனைக் கதையாகத்தான் படித்தேன். 140-உடன் பத்து நாள் உட்கார்ந்த பிறகு அந்த 51 மணி நேரம் கைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்கள் இந்த கிட்டை அதற்காக வாங்க வேண்டாம். அது லீவர் பூட்டு, பின்னுக்குப் பதில் தகடுகள், உள்ளமைப்பே வேறு, கருவியும் வேறு. அப்புறம் உங்கள் சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள், அதிலும் வாசல் கதவில் மாட்டியிருப்பதைத் தொடாதீர்கள், ஒரு பின் கெட்டால் சாவி இருந்தும் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டிவரும்.

வாங்கலாமா என்றால், உள்ளே நடப்பதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வாங்கலாம். ஏற்கெனவே புரிந்தவர்கள் இரண்டு நல்ல ஹூக், மூன்று தடிமனில் தட்டைக் கம்பி, ஒரு பித்தளைப் பூட்டு என்று தனித்தனியாக வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அதில் இரண்டு கண்ணாடிப் பூட்டுக்கு.

இப்போது மேஜையில் இருப்பது அமெரிக்கன் லாக் 1100. பின்களில் ரம்பப் பல் மாதிரி வெட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொய் ‘டிக்’. நேற்று ராத்திரி நான்காவது பின் வரை வந்தேன்.