டாம்பா புஷ் கார்டன்ஸ் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க, 612 டாலர் போச்சு எனக்கு

ரொம்பக் கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 612 டாலர். ஊர்க் காசுக்கு அம்பதாயிரத்துக்கு மேல வருது. பார்க் டிக்கெட் விக்கற ஒரு சைட்டுக்காரங்க வாங்கிப் போட்டுக்கிட்டு இப்ப போனை எடுக்க மாட்டேங்கறாங்க. இவனுங்க எப்படியெல்லாம் ஏமாத்தறாங்க, டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில விவரமா எழுதறேன், முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன், இல்லன்னா எனக்கு ஆறாது.

மாமாவும் அத்தையும் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. நாங்க அட்லாண்டா, ஐ-75 ஹைவேயைப் பிடிச்சா நேரா டாம்பா, அதனால பசங்களுக்கு லீவு விட்டதும் கிளம்பலாம்னு பிளான். மாமாவுக்கு மிருகம் பாக்கணும், பெரியவனுக்கு ரோலர் கோஸ்டர் ஏறணும், ரெண்டும் ஒரே காம்பவுண்டுல கிடைக்குதுன்னுதான் புஷ் கார்டன்ஸ். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது ஃப்ளோரிடால இருக்கற தீம் பார்க், மிருகக்காட்சி சாலையும் அதுக்குள்ளயே, முழுக்க ஆப்பிரிக்கா தீம். 1959ல பீர் கம்பெனிக்காரங்க அவங்க ஃபேக்டரியை ஒட்டி பறவைத் தோட்டமா ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு பீர் ஓசியாவே குடுத்திருக்காங்க (எங்க வீட்டுக்காரர் தப்பான வருஷத்துல பொறந்துட்டேன்னு புலம்பினார்). 1965ல செரங்கெட்டி ப்ளெயின்னு பெரிய புல்வெளி திறந்து மானு, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கியெல்லாம் அதுல திறந்து விட்டாங்க. இப்ப மொராக்கோ, எகிப்து, நைரோபி, காங்கோன்னு ஏரியா ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்காங்க, நடுவுல எங்க திரும்பினாலும் தலைக்கு மேல ஒரு கோஸ்டர் கத்திக்கிட்டே போகுது.

பெரியவன் இதையெல்லாம் பாடம் மாதிரி ஒப்பிப்பான். குவாசின்னு 1999ல கட்டின மரக் கோஸ்டரை 2015ல மூடிட்டாங்களாம், அப்புறம் அதுலயே ஸ்டீல் ட்ராக் போட்டு 2022ல அயர்ன் குவாசியா திறந்தாங்களாம், 206 அடி உயரம், 91 டிகிரி இறக்கம், மணிக்கு 76 மைல். செங்குத்துன்னாலே 90 டிகிரிதானடா, 91 எப்படிடான்னு கேட்டா, உள்பக்கமா மடங்கி இறங்கும்மான்னு கையை வளைச்சு வளைச்சு காட்டுவான். ஒரு மாசமா வீட்ல இதே பேச்சு.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வரேன். கூகுள்ல டிஸ்கவுண்ட் டிக்கெட்னு தேடினா மேலயே விளம்பரமா ஒரு சைட்டு வந்துச்சு. பேர் போடல, கேஸ் குடுத்திருக்கேன், அது முடியட்டும். பல பார்க்குக்கும் சேத்து டிக்கெட் விக்கற மூணாம் பார்ட்டி சைட்டு, அவ்ளோதான் சொல்வேன். நல்லா நீட்டா இருந்துச்சு, ஒட்டகச்சிவிங்கி படம், ஸ்டார் ரேட்டிங், கீழ ஒரு போன் நம்பர். அஞ்சு பேருக்கு என்ட்ரி, பார்க்கிங், வரிசைல நிக்காம போற க்விக் க்யூ, அப்புறம் திறந்த ட்ரக்குல செரங்கெட்டி உள்ளயே போய் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீரை ஊட்டற சஃபாரி, எல்லாம் சேத்து 672 டாலர். பார்க்ல சஃபாரிக்குத் தனியா, க்விக் க்யூக்குத் தனியா, பார்க்கிங்குக்குத் தனியா கட்டணும், கூட்டிப் பாத்தா இது லாபமாத்தான் தெரிஞ்சுது.

நான் உடனே வாங்கல, போன் பண்ணிப் பேசினேன். ஒரு பொண்ணு எடுத்தா. அவ்ளோ பொறுமை, அவ்ளோ மரியாதை. சின்னவளுக்கும் சேத்து ஆறு டிக்கெட் போடுங்கன்னு சொன்னேன். வயசு என்னன்னு கேட்டா. ரெண்டுன்னேன். அப்ப அவளுக்கு டிக்கெட்டே வேணாம் மேடம், மூணு வயசுக்குக் கீழ ஃப்ரீ, எதுக்கு வீணா காசு செலவு பண்றீங்கன்னா. பையன் என்ன ஹைட்டுன்னு அவளே கேட்டா. 50 இன்ச்னேன். அப்ப அயர்ன் குவாசி ஏறலாம், சீட்டா ஹன்ட் ஏறலாம், 48 போதும், ஆனா ஷீக்ரா, மோன்டு, கும்பா மூணுக்கும் 54 வேணும், முன்னாடியே சொல்லி வெச்சிருங்க, அங்க போய் ஏமாந்து அழுவான்னா. மத்தியானம் இடி மின்னல் வந்தா ரைடெல்லாம் நிறுத்திருவாங்க, காலைல கேட் திறக்கறப்பவே போயிருங்கன்னா. மாமனாருக்கு வெயில் ஆகாதுன்னா ரயில்ல உக்கார வைங்க, அது செரங்கெட்டியைச் சுத்தி வரும்னா. எனக்கு வேணாம்னு சொல்லி ஒரு டிக்கெட்டைக் குறைச்சவ என்னை ஏமாத்துவாளா? இந்த இடத்துலதாங்க நம்பினேன். அவ சொன்ன அத்தனையும் உண்மை, ஒரு இன்ச் கூட தப்பில்ல. ஏன்னா அத்தனையும் பார்க்கோட சொந்த வெப்சைட்லயே போட்டிருக்கு, பக்கத்துல திறந்து வெச்சு எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா பாவி.

அப்புறம்தான் கார்டு மேட்டர். கிரெடிட் கார்டு போட்டேன், டிக்ளைன். இன்னொரு கார்டு, டிக்ளைன். எங்க கார்டு சிஸ்டம் டவுன் மேடம், பேங்க் ஆப்புலேர்ந்து நேரா ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்க, ப்ராசஸிங் சார்ஜ் மிச்சம் எங்களுக்கு, அதை உங்களுக்கே குறைச்சுடறேன், 612 போதும்னா. அக்கவுண்டுல வேற யாரோ ஆள் பேர் காட்டுதேன்னு கேட்டேன். எங்க ஆத்தரைஸ்டு ஏஜென்ட் மேடம்னு மூச்சு விடாம பதில். அனுப்பின உடனே மெயில்ல அஞ்சு பிடிஎஃப், எல்லார் பேரும் ஸ்பெல்லிங் கூட தப்பில்லாம.

காலைல சீக்கிரமே போயாச்சு. பார்க்கிங்லயே ஆரம்பிச்சுருச்சு, இந்த பார்க்கிங் பாஸ் செல்லாதுன்னாங்க. சரி ஏதோ குழப்பம்னு அங்க காசு கட்டிட்டு, ட்ராம்ல ஏறி கேட்டுக்கு வந்தோம். அத்தையை முதல்ல விட்டேன். பச்சை லைட். உள்ள போய்ட்டாங்க. அடுத்து மாமா, சிவப்பு. பெரியவன், சிவப்பு. நான், இவர், எல்லாம் சிவப்பு. அந்தப் பக்கம் அத்தை தொப்பியைப் போட்டுக்கிட்டு, வாங்க வாங்க, ஏன் நிக்கறீங்கன்னு கை ஆட்டறாங்க. இங்கிலீஷும் வராது, கைல போனும் இல்ல. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போகுது, சின்னவ பாட்டி பாட்டின்னு கத்தறா, மாமா என்னம்மா ஆச்சுன்னு கேக்கறார், எனக்கு வாயே வரல.

கேட்ல இருந்தவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓரமா கூட்டிட்டுப் போய் அஞ்சு பிடிஎஃபையும் பாத்துட்டு பொறுமையா சொன்னாங்க, பேர்தான் அஞ்சு வேற வேற, உள்ள இருக்கற பார்கோடு எல்லாத்துலயும் ஒண்ணேதான், அதுவும் வேற யாரோ வாங்கின டிக்கெட்டோடது. முதல்ல யார் நீட்டினாலும் பச்சை காட்டும், அப்புறம் வர்ற எல்லாத்துக்கும் சிவப்பு. சஃபாரின்னு ஒரு பக்கம் இருந்துச்சு பாருங்க, அதுல நேரமே இல்ல, சஃபாரிக்கு நேரம் போட்டுத்தான் புக் ஆகும்னாங்க. அத்தையை வெளிய கூட்டிட்டு வந்தாங்க. நான் உள்ள போய்ட்டனே, அது தப்பா கண்ணுன்னு என்கிட்ட கேக்கறாங்க அத்தை.

அங்கேயே நின்னு அந்த நம்பருக்கு அடிச்சேன். அதே பொண்ணு, அதே தேன் குரல். ஸ்க்ரீன் பிரைட்னஸ் ஏத்திக் காட்டுங்க மேடம். ஏத்திக் காட்டிட்டேன். அப்ப ஆக்டிவேட் ஆக ரெண்டு மணி நேரம் ஆகும், வெயிட் பண்ணுங்க. அஞ்சும் ஒரே கோடுன்னு சொன்னேன். லைன்ல வெச்சுட்டுப் போனா, பாட்டு ஓடுது, கட். திரும்ப அடிச்சா ஒரு ஆம்பளை, சூப்பர்வைசராம். உங்க ஆர்டர்ல ஒரு டிக்கெட் யூஸ் ஆயிருச்சு மேடம், அதனால இது பாதி உபயோகிச்ச ஆர்டர், எங்க கண்டிஷன்படி ரீஃபண்ட் கிடையாது! எங்க அத்தை அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் நின்னதுக்கு 612 டாலர் கழிஞ்சுருச்சாம். கத்தினேன். சரி நல்லெண்ணத்துக்காக அடுத்த புக்கிங்ல 20 பர்சென்ட் தள்ளுபடி தரேங்கறான். வெக்கம் கெட்டவன். அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேர் நம்பரையும் பிளாக் பண்ணிட்டாங்க, சாட்ல போனா உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதுன்னு மெஷின் பேசுது. பேங்க்ல கேட்டா, நீங்களே ஓகே பண்ணி அனுப்பின பணம், கம்ப்ளைன்ட் எழுதிக்கறோம், உறுதி குடுக்க முடியாதுங்கறாங்க.

பையன் மூஞ்சியைப் பாத்துட்டுத் திரும்ப மனசு வரல. அஞ்சு பேருக்கும் மறுபடி பார்க்லயே டிக்கெட் வாங்கினோம், அந்தக் கணக்கை இங்க எழுதினா எனக்கு மயக்கம் வரும். க்விக் க்யூவும் இல்ல, சஃபாரியும் இல்ல. அயர்ன் குவாசி வரிசைல நின்னு நின்னு ஒரு தடவை ஏறினான், இறங்கி வந்தப்ப அவன் சிரிச்ச சிரிப்பு, அது ஒண்ணுதான் இந்த ட்ரிப்ல நல்லது. அடுத்து சீட்டா ஹன்ட் பக்கம் ஓடினான், அதுக்குள்ள இடி, எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. (மழை வந்தா முழு ரீஃபண்டுன்னு வேற அந்த சைட்ல போட்டிருந்துச்சு.) மாமா ரயில்லேர்ந்து தூரத்துல ஒட்டகச்சிவிங்கியைப் பாத்துட்டு, இதே போதும்மா, கீரை ஊட்டலன்னா என்னங்கறார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது. கீரை ஊட்டறதைப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தவர் அவர்.

ராத்திரி உக்காந்து தேடினப்பதான் தெரியுது, பல நாள் டிக்கெட்டுல மிச்சம் இருக்கற நாளை அடுத்தவங்களுக்கு விக்கறதே ஃப்ளோரிடால சட்டப்படி குற்றமாம். எனக்கு வித்தது அந்த வகையா, வெறும் காப்பியா, தெரியாது. எதுவா இருந்தாலும் 612 டாலர் என் அக்கவுண்டுல இல்ல.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், சின்னவ எழுந்துட்டா, சட்டுனு சொல்லிடறேன். பார்க்கோட சொந்த சைட்லயே வாங்குங்க, கேட்ல வாங்கறதை விட அங்க குறைவு, அடிக்கடி சேல் போடறாங்க. ஆபீஸ்ல எம்ப்ளாயி டிஸ்கவுண்ட் போர்ட்டல் இருந்தா அதுலயும் பாருங்க. கார்டு வேலை செய்யல, பேங்க்லேர்ந்து அனுப்புங்கன்னா போனை வெச்சுருங்க, கிரெடிட் கார்டுன்னா பில் வந்து 60 நாளுக்குள்ள எழுதிக் குடுத்து சண்டை போடலாம், ட்ரான்ஸ்ஃபர்ல அது நடக்காது. ஒண்ணுக்கு மேல டிக்கெட் வந்தா பார்கோடுக்குக் கீழ இருக்கற நம்பர் ஒவ்வொண்ணும் வேறயான்னு பாருங்க. ஏமாந்துட்டா எஃப்டிசிலயும் (வியாபார மோசடியைக் கவனிக்கற அமெரிக்க அரசு அமைப்பு) ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயும் ஆன்லைன்ல புகார் போடுங்க, நான் ரெண்டுலயும் போட்டுட்டேன்.

இந்த சம்மர்ல டாம்பா போறவங்க யாராவது தெரிஞ்சா இன்னிக்கே சொல்லிடுங்க. அந்த சைட்டு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, இப்பக்கூட பாத்தேன், அதே 672 டாலர் பேக்கேஜ், பக்கத்துல சிவப்பு எழுத்துல "இன்னும் 3 மட்டுமே உள்ளது"ன்னு போட்டிருக்கான்.