குதிரைக் குட்டிக்கு வாங்குன பெல்லட் தீனி, ரெண்டு மாசம் குடுத்துப் பார்த்தாச்சு

நுவரெலியா லேக் பக்கம் சவாரி போற எங்க மாமாவோட பொட்டக் குதிரை போன வருஷம் குட்டி போட்டுச்சு, ஆறரை மாசத்துல பால் மறக்கடிச்சோம், அதுக்கப்புறம் பின்தொடையெல்லாம் ஒட்டிப்போய் முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்பதான் டவுன்ல ஒரு கடையில இந்த 25 கிலோ மூட்டைய காட்டுனாங்க. பேரு போடல, கடைக்காரர் மூஞ்சிய நாளைக்கும் பாக்கணுமே. மூட்டை மேல ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி ஒரு குதிரைப் படம், தசை வளரும்னு கொட்டை எழுத்து.

மொதல்ல அந்தப் படத்த மறந்துருங்க. குட்டி பொறக்கும்போதே தசை நார் எத்தனைங்கிறது கிட்டத்தட்ட முடிவாயிரும், அப்புறம் என்னத்தப் போட்டாலும் இருக்கிற நார்தான் தடிக்கும், எலும்பு நீள நீள கூடவே நீளும். நாரோட ஒட்டிக்கிட்டு சேட்டிலைட் செல்னு இருக்கு, அதுங்க பெருகி நாரோட கலக்கக் கலக்கதான் நார் பெருக்கும். அதுக்கு சரியான புரதம் வேணும், ஓட்டமும் வேணும்.

புரதம்னா வெறும் சதவீதம் பாத்து ஏமாறாதீங்க, லைசின் எவ்வளவுன்னு பாருங்க, அது புரதத்துக்குள்ள இருக்கிற ஒரு அமினோ அமிலம். வளர்ற குட்டிக்கு மொதல்ல பத்தாம போறது அதுதான். தேவையான புரதத்துல 4.3 சதவீதம் லைசின் இருக்கணும்னு அமெரிக்காவோட என்ஆர்சி, அதான் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், 2007ல போட்ட குதிரைத் தீனிக் கணக்கு சொல்லுது. இந்த மூட்டையில புரதம் 16 சதவீதம், லைசின் 0.7 சதவீதம்னு போட்டிருக்கு, பெருக்கிப் பாத்தேன், சரியா வருது. சோயா சேர்த்திருக்காங்க, அதான். நாங்க முன்னாடி போட்டது தேங்காப் புண்ணாக்கு, அதுல லைசின் ரொம்பக் கம்மி, வயிறு மட்டும் பானை மாதிரி வந்துச்சு.

ஒரு தப்பு நான் பண்ணுனது. விலை ஜாஸ்தியா இருக்கேன்னு பாதிக்குப் பாதி அரிசித் தவிடு கலந்தேன். தவிட்டுல பாஸ்பரஸ் அள்ளிக் கெடக்கும், கால்சியம் இருக்காது, அதுக்கு மேல இங்க மேயுற கிக்குயு புல்லுல இருக்கிற ஆக்சலேட்ங்கிற உப்பு, உள்ள கால்சியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். மிருக வைத்தியர் கேட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டாரு, "தசைய ஏத்துறேன்னு எலும்ப எறக்குறியா தம்பி". அன்னையோட தவிட நிறுத்திட்டேன். அளவும் மூட்டையில சொல்லியிருக்கிறத விட கம்மியாதான் குடுக்குறேன், மாவுச்சத்து ஏறி குட்டி வெரசா பெருத்தா மூட்டு கெடும்.

இன்னொன்னு, கயித்துல கட்டி வச்சுக்கிட்டு தீனிய மட்டும் கொட்டுனா கொழுப்புதான் வரும். லயத்துக்குப் பின்னால சரிவுல ஒரு துண்டு நிலத்த வேலி போட்டு அவுத்து விட்டோம், காலையில பனி எறங்குன ஈரப் புல்லுல ஏறி எறங்கி நாலு கால் பாய்ச்சல்ல அது ஓடுறத பாக்கணுமே, மாமா டீய ஆற விட்டுட்டு நிப்பாரு. வயசும் ஓட்டமும் சேர சேர, சட்டுனு களைச்சுப் போற வேக நாருங்க கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற ரகமா மாறும், அது மூட்டைக்குள்ள கெடைக்காது.

தையக்கார டேப்புல நெஞ்சு சுத்தளவு 114 சென்டிமீட்டர்ல இருந்து 121 ஆச்சு. வளர்ற வயசுதான், எல்லாம் தீனியாலன்னு சொல்ல மாட்டேன், ஆனா பின்தொடையில கை வச்சா இப்ப கெட்டியா இருக்கு, ரோமமும் மின்னுது.

கோபம் வந்தது ரெண்டாவது மூட்டையில. பிரிச்சா அடியில பூசணம், மழைக்காலத்துல சிமெண்டு தரையில அப்படியே போட்டு வச்சிருந்திருக்காங்க. பூசணத் தீனி குதிரைக்கு விஷம் மாதிரி. கொண்டு போனா "நீங்க வீட்ல நனைச்சிருப்பீங்க"ன்னாரு, மாத்தியும் தரல, காசும் தரல.

தீனிக்கு அஞ்சுக்கு நாலு, கடைக்கு ஒண்ணு. அடுத்த மூட்டையும் இதேதான் வாங்குவேன், ஆனா அவர் முன்னாடியே பிரிச்சு அடி வரைக்கும் கைய விட்டுப் பாத்துட்டுதான் காசு. மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு, வச்சுக்கட்டும்.